எடைக்கு முன் வட்டம்: பெரிய டயர்களின் சமநிலை, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும்

சக்கரத்தின் எடை அதன் அச்சைச் சுற்றி ஒரே சீராகப் பரவியிருந்தால் சக்கரம் சமநிலையில் இருக்கிறது. ஆலையிலிருந்து வரும் எந்த டயரும் முற்றிலும் அப்படி இருப்பதில்லை. ரப்பர் ஓரிடத்தில் சற்றுத் தடித்திருக்கும். உள்ளே அடுக்குகள் சேரும் இடத்தில் கொஞ்சம் எடை கூடும். டயரை மாட்டும் இரும்புச் சக்கரமான டிஸ்கின் பற்றவைப்பும் டியூபின் வால்வும் தம் பங்குக்கு ஒரு பக்கத்தைக் கனமாக்கும். இந்தக் கனத்துக்கு நேர் எதிரே ஈயத்தையோ இரும்பையோ பொருத்திச் சரிக்கட்டுவதைத்தான் இரு நாட்டு டயர் கடைகளிலும் வீல் பேலன்சிங் என்கிறார்கள்.

குறை இரண்டு வகை. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றிவிட்டால், கனமான இடம் கீழே வந்து நிற்பது முதல் வகை. ஓடும்போது இது சக்கரத்தை மேலும் கீழும் துள்ளவைக்கும். இரண்டாவது வகையில் உட்பக்கம் ஓரிடத்திலும், அதற்கு எதிர்த்திசையில் வெளிப்பக்கம் ஓரிடத்திலும் கனம் இருக்கும். தூக்கிச் சுற்றினால் எங்கு வேண்டுமானாலும் நிற்கும், குறையே இல்லாதது போலத் தோன்றும். வேகமெடுத்ததும் சக்கரம் இடமும் வலமுமாக ஆடி, அந்த ஆட்டம் ஸ்டீயரிங்குக்கு ஏறும். டயர் அகலமாக ஆக இரண்டாவது வகையின் தொல்லை கூடும். அதனால்தான் ஒரே தளத்தில் எடை பார்க்கும் பழைய குமிழி மட்டக் கருவி, குறுகிய டயர்களோடு வழக்கொழிந்தது.

கனமான புள்ளி உண்டாக்கும் விசை, வேகத்தின் இருமடியாக வளரும். 10.00-20 அளவு லாரி டயரை எடுத்துக்கொள்ளலாம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 7 சுற்றுச் சுற்றும். ரிம் விளிம்பில் 100 கிராம் மிகுதியாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 5 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு திசை மாறி மாறி அச்சைத் தாக்கும். 60 கி.மீ. வேகத்தில் அது மூன்று கிலோவுக்கும் கீழே இறங்கும். 40 கி.மீ. வேகத்தில் ஒன்றேகால் கிலோ, 20 கி.மீ. வேகத்தில் எவரும் உணர முடியாத அளவு. அரை கிலோ குறையுள்ள டயர் 80 கி.மீ. வேகத்தில் சுமார் 25 கிலோ அளவுக்கு இழுக்கும். மூன்று, மூன்றரை டன் சுமக்கும் முன் சக்கரத்துக்கு அதுவும் பெரிய விசை அல்ல. ஆனால் நொடிக்கு ஏழு முறை என்று நாள் முழுக்க விழுகிற அடி, டயரின் தோளில் கிண்ணம் கிண்ணமாகப் பள்ளம் விழவைக்கும். கிங்பின்னையும் பேரிங்கையும் தளர்த்தும்.

சுழலும் பொருள்களுக்கான சர்வதேசச் சமநிலைத் தரம், கார் சக்கரங்களை ஜி 40 என்ற படியில் வைக்கிறது. அந்த அளவுகோலை 100 கிலோ எடையுள்ள லாரிச் சக்கரத்துக்குப் பொருத்தி, வேகம் 80 கி.மீ. என்று கொண்டு கணக்கிட்டால், ரிம் விளிம்பில் ஏறத்தாழ 350 கிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று விடை வரும். லாரிக்காரர்கள் பேலன்சிங்கைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்ற குற்றச்சாட்டை இந்தக் கணக்கு பாதியளவு தணிக்கிறது. மீதிப் பாதி வண்டி எந்தச் சாலையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 83இல் உள்ள துவாக்குடி இதைப் பார்க்க ஏற்ற இடம். 1965இல் உற்பத்தி தொடங்கிய பெல் கொதிகலன் ஆலைக்கும், அதன் வேலைகளை நம்பி எழுந்த சிட்கோ தொழிற்பேட்டைக்கும் இரும்புத் தகடும் குழாயும் ஏற்றிய டிரெய்லர்கள் வந்து போகின்றன. புதுக்கோட்டை, பெரம்பலூர் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் அதே சாலையில் ஏறுகின்றன. அறுவடைக் காலத்தில் டெல்டாவின் நெல் லாரிகள் சேர்ந்துகொள்ளும். வாழவந்தான்கோட்டை சுங்கச்சாவடியில் அடுத்தடுத்து நிற்கும் இந்த வண்டிகளின் டயர் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். பேலன்சிங் தேவை ஒன்றல்ல. கொதிகலன் பாகத்தைச் சுமந்து ஊர்ந்து செல்லும் பல அச்சு டிரெய்லருக்கு அது தேவையே இல்லை. இரவு முழுக்க நான்கு வழிச் சாலையில் ஓடும் டாரஸ் லாரியின் முன் சக்கரங்களுக்குக் கட்டாயம் தேவை. டிப்பர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: குவாரிக்குள் 15 கி.மீ., வெளியே வந்ததும் 60 கி.மீ.

அந்த 60 என்ற எண் சும்மா வந்ததல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 118ஆம் விதிப்படி சரக்கு வாகனங்களின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80 கி.மீ.க்கும், டம்பர், டேங்கர் போன்றவற்றுக்கு 60 கி.மீ.க்கும் அமைக்கப்பட வேண்டும். கருவி ஒழுங்காக வேலை செய்யும் டிப்பரில் சமநிலைக் குறையின் விசை, லாரியில் இருப்பதைவிட ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. கருவியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

குவாரியை விட்டு வெளியே வராத பெரிய டம்பர்களின் கதை வேறு. திருச்சி மாவட்டம் கல்லக்குடியில் டால்மியாபுரம் சிமென்ட் ஆலை 1939 முதல் இயங்குகிறது. அதைச் சுற்றியும் அரியலூர்ப் பகுதியிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் உள்ளன. 35 டன் சுமக்கும் டம்பருக்குப் பொருந்தும் 18.00-25 அளவு டயர், ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரமும் முந்நூறு கிலோவுக்கு மேல் எடையும் கொண்டது. 30 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு இரண்டு சுற்றுகூடச் சுற்றாது. அதில் ஒரு கிலோ குறை இருந்தாலும் உண்டாகும் இழுப்பு மூன்றரை கிலோதான்; அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கும் சுமையோ சுமார் பத்து டன். உலகின் மிகப் பெரிய சுரங்க லாரிகளில் ஓடும் 63 அங்குல ரிம் டயர் நான்கு மீட்டர் உயரமும் ஐந்து டன்னுக்கு மேல் எடையும் உடையது. அந்த லாரி மணிக்கு 65 கி.மீ. எட்டும்போதுகூடச் சக்கரம் நொடிக்கு ஒன்றரைச் சுற்றுத்தான். டயர் பெரிதாக ஆகச் சமநிலைக் கவலை குறைகிறது என்பது முதலில் நம்பக் கடினமானது, ஆனால் கணக்கு அதைத்தான் சொல்கிறது. சுரங்க டயருக்கு எமன் வெப்பம்தான். சராசரிச் சுமையையும் சராசரி வேகத்தையும் பெருக்கி வரும் டன்-கிலோமீட்டர் எண், டயரின் வரம்பைத் தாண்டுகிறதா என்று பார்ப்பதே அங்கே முதல் வேலை.

இலங்கையில் இதற்கு இணையானது புத்தளத்துக்கு வடக்கே உள்ள அருவக்காலு சுண்ணாம்புக்கல் அகழ்வு. காங்கேசன்துறை ஆலை 1990இல் போரால் நின்ற பிறகு, தீவில் சுண்ணாம்புக்கல்லிலிருந்து சிமென்ட் செய்யும் வேலை புத்தளத்தைச் சார்ந்தே நடந்தது. அருவக்காலுவில் வெட்டிய கல் ரயிலில் ஆலைக்குப் போகிறது. டம்பர் குவாரிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. பொதுச் சாலையில் அதற்கு வேலை இல்லை. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஊர்ச் சாலைகளிலும் மாவட்டச் சாலைகளிலும் ஓடி ஆலைகளை அடைகின்றன. ஆகவே ஒரே தொழிலில், இலங்கையில் பேலன்சிங் என்ற கேள்வி எழுவதே இல்லை. தமிழ்நாட்டில் அதே கல்லை ஏற்றிய வண்டியின் முன் டயருக்கு அது எழுகிறது. கல் எதில் பயணம் செய்கிறது என்பதுதான் வித்தியாசம்.

பொதுச் சாலை லாரிகளில் இரு நாடுகளும் பல விதத்தில் ஒன்றுதான். லங்கா அசோக் லேலண்ட் 1982இல் தொடங்கப்பட்டது. டாடா வண்டிகளும் தீவெங்கும் ஓடுகின்றன. களனியில் சோவியத் உதவியோடு எழுந்த அரசு டயர் ஆலை பின்னர் தனியார்மயமாகி, 1999 முதல் இந்தியாவின் சியட் நிறுவனத்தோடு கூட்டாக இயங்குகிறது. ஆக, துவாக்குடியில் நிற்கும் லாரியின் பெயரும் அதன் டயரின் பெயரும் வவுனியாவில் நிற்கும் லொறியிலும் இருக்கக்கூடும். ஆனால் இலங்கையில் இந்த இந்திய வண்டிகளுக்குப் பக்கத்திலேயே ஜப்பானிலிருந்து பழையதாக வந்து இறங்கிய இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கேன்டர் போன்றவை பெருமளவில் இருக்கின்றன. கொழும்பின் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகச் சந்தையே இவற்றை வைத்துப் பிழைக்கிறது. 7.00-16, 7.50-16 அளவு டயர்களில் ஓடும் இந்தச் சிறிய லொறிகள், சமநிலைக் கணக்கில் பெரிய லாரியைவிடக் கடினமானவை. சிறிய சக்கரம் அதே சாலை வேகத்தில் கூடுதலாகச் சுற்றும். வண்டி இலேசாக இருப்பதால் ஓட்டுநர் கைக்கு நடுக்கம் உடனே தெரியும்.

சாலையும் வேறு. தமிழ்நாட்டின் நான்கு வழிச் சாலையில் லாரி ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடுகிறது. நடுக்கம் தொடங்கும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டி நெடுநேரம் தங்கிவிட்டால் டயர் தேய்வது உறுதி. இலங்கையின் பிரதான சாலைகள் பெரும்பாலும் இருவழிச் சாலைகள். ஊருக்கு ஊர் வேகம் குறையும். மலைநாட்டில் வளைவுக்கு வளைவு குறையும். நுவரெலியா ஏறி இறங்கும் லொறியின் முன் டயர் தோள் தேய்வதற்கு, வளைவில் அது பக்கவாட்டில் உரசுவதும் அலைன்மென்ட் குறையும்தான் பெரும்பாலும் காரணம். அங்கே பேலன்சிங் செய்து தேய்வை நிறுத்தப் பார்ப்பது வீண் செலவு. 2011இல் தெற்கு அதிவேகப் பாதை கொட்டாவைக்கும் காலிக்கும் இடையே திறந்தபோது, 100 கி.மீ. வேகம் முதன்முறையாகச் சட்டபூர்வமாகச் சாத்தியமானது; 2013இல் கட்டுநாயக்கப் பாதையும் திறந்தது. சாதாரண சாலையில் 60 கி.மீ.க்குக் கீழே ஒளிந்திருந்த குறை, அந்தப் பாதைகளில் ஏறியதும் வேன்களிலும் பஸ்களிலும் வெளிப்படும்.

இனி வேலை நடக்கும் முறை. அனுபவமுள்ள டயர்க்காரர் பேலன்சிங் இயந்திரத்தை முதலில் தொடமாட்டார். வட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். தஞ்சாவூர்ச் சாலை ஓரத்து டயர் கடைகளில் இது நடக்கும் விதம் எளிமையானது. முன் அச்சுக்கு ஜாக்கி வைத்து, பின் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, சக்கரத்தைத் தூக்குகிறார்கள். ஒருவர் சக்கரத்தைச் சுற்றிவிடுகிறார். இன்னொருவர் ஒரு கட்டையின் மேல் கையை ஊன்றி, சாக்பீஸை டயரின் மேற்பரப்புக்கு ஒரு மயிரிழை தள்ளிப் பிடிக்கிறார். வட்டம் சரியாக இருந்தால் சாக்பீஸ் சுற்றிலும் மெல்லிய கோடு போடும் அல்லது எங்கும் படாது. ஓரிடத்தில் மட்டும் வெள்ளை அழுத்தமாக விழுந்தால் அங்கே டயர் உயர்ந்திருக்கிறது. அடுத்து அதே சாக்பீஸை ரிம் விளிம்புக்குக் காட்டுகிறார். அங்கும் அதே இடத்தில் பட்டால் டிஸ்க்தான் வட்டம் தப்பி அவுட் அடிக்கிறது. ரிம்மில் படாமல் டயரில் மட்டும் பட்டால் டயர் சரியாக உட்காரவில்லை, அல்லது டயரே உருண்டை தப்பியது. இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு சாக்பீஸ். இதைச் செய்யாமல் இயந்திரத்தில் ஏற்றி எடை போட்டால், முட்டை வடிவச் சக்கரத்துக்கும் பூஜ்யம் காட்டிவிட முடியும். சாலையில் அது குதித்துக்கொண்டேதான் போகும்.

டயர் சரியாக உட்காராததற்குத் தமிழ்நாட்டில் முக்கியமான காரணம் டியூப் டயர். லாரி டயர் சந்தையில் ரேடியல் பாதியைத் தாண்டிவிட்ட பிறகும் டியூப், ஃபிளாப், லாக் ரிங் என்று மூன்று பாகங்களோடு ஓடும் வண்டிகள் ஏராளம். ஃபிளாப் மடிந்தாலோ, டியூப் ஒரு பக்கம் ஒதுங்கினாலோ, லாக் ரிங் துருப்பிடித்து முழுதாகப் பொருந்தாமல் நின்றாலோ டயரின் விளிம்பு ஓரிடத்தில் மேலேறி நிற்கும். விளிம்பை ஒட்டி டயர் பக்கச்சுவரில் ஓடும் மெல்லிய கோடு, ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே இது தெரிந்துவிடும். சரியாகப் பொருந்தாத லாக் ரிங் பேலன்சிங் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினையும்கூட. காற்று ஏற்றும்போது தெறித்த ரிங் ஆளைக் கொல்லும். கூண்டுக்குள் வைத்துக் காற்று ஏற்ற வேண்டும் என்பது அதனால்தான். பல சாலையோரக் கடைகளில் கூண்டுக்குப் பதில் டிஸ்கில் கோத்த சங்கிலியோ கடப்பாரையோதான் இருக்கிறது.

இலங்கையின் ஜப்பானிய வண்டிகளில் வட்டம் தப்பும் இடம் வேறு. பழைய ஜப்பானிய முறையில் சக்கரம் நடுத்துளையால் மையப்படுவதில்லை. நட்டுகளின் உருண்டை முனை டிஸ்கின் குழிகளில் அமர்ந்துதான் மையம் பிடிக்கிறது. குழிகள் தேய்ந்திருந்தால் சக்கரம் மையத்திலிருந்து கொஞ்சம் விலகி அமரும். பேலன்சிங் இயந்திரமோ பெரும்பாலும் நடுத்துளையில் கூம்பைச் செருகித்தான் சக்கரத்தைப் பிடிக்கிறது. இயந்திரத்தில் ஒரு மையம், வண்டியில் வேறு மையம் என்றாகி, கடையில் பூஜ்யம் காட்டிய சக்கரம் வீதியில் ஆடும். நட்டுத் துளைகளில் பிடிக்கும் தட்டு இணைப்பானைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் தீரும். நடுத்துளையாலேயே மையப்படும் புதிய வகை டிஸ்குகளில் இந்தத் தொல்லை இல்லை.

பழைய டயரில் புது ரப்பர் ஏற்றுவதை இலங்கையில் ரீபில்ட் என்றும் தமிழ்நாட்டில் ரீட்ரெட் என்றும் சொல்கிறார்கள். இரு நாட்டு லாரித் தொழிலும் இதன் மேல்தான் நிற்கிறது. எம்.ஆர்.எஃப். நிறுவனம் டயர் செய்யத் தொடங்கும் முன்பே 1952இல் இந்த ரப்பரைச் செய்யத் தொடங்கியது. இலங்கையில் 1932இல் தோன்றிய ரிச்சர்ட் பீரிஸ் நிறுவனம் இத்துறையில் பழைய பெயர். பழைய ரப்பரை உரசி எடுக்கும்போது டயர் இயந்திரத்தில் ஒருக்களித்து நின்றால், புது ரப்பர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் ஒட்டும். வார்த்த பட்டையைச் சுற்றி ஒட்டும் முறையில் பட்டையின் இரு முனைகளும் சேரும் இணைப்பு இன்னொரு கனமான இடம். நல்ல பட்டறையில் செய்த ரீட்ரெட் டயருக்கும் மோசமான பட்டறையில் செய்ததற்கும் உள்ள வேறுபாடு, இரண்டு புது டயர்களுக்கு இடையே காணும் வேறுபாட்டைவிட மிக அதிகம். முன் அச்சில் புது டயர், பின் அச்சில் ரீட்ரெட் என்ற வழக்கம் இரு நாட்டிலும் இருப்பதற்கு வெடிப்பு பற்றிய பயத்தோடு இதுவும் காரணம். பின் அச்சின் இரட்டைச் சக்கரங்களில் ஒன்றின் குறை மற்றதன் நிறையில் கரைந்துவிடும். ஸ்டீயரிங்கும் அங்கே இல்லை.

டயர் மாட்டும்போதே, போட வேண்டிய எடையைக் குறைக்க ஒரு வழி உண்டு. புது டயரின் பக்கச்சுவரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அதுவே டயரின் இலேசான இடம். வால்வு வரும் இடத்துக்கு நேராக அதை வைத்தால் இரண்டும் ஓரளவு ஈடாகும். சிவப்புப் புள்ளி, டயர் ஓடும்போது விறைப்பாக மேலெழும் இடத்தைக் காட்டுகிறது. ரிம்மில் தாழ்வான இடம் குறிக்கப்பட்டிருந்தால் அதற்கு நேராக இதை வைக்க வேண்டும். அடிக்கடி டயரைக் கழற்றி மாட்டும் அவசரத்தில் இந்தப் புள்ளிகளை யாரும் பார்ப்பதில்லை. செலவில்லாத வேலை என்பதாலேயே மதிப்பில்லாமல் போன வேலை இது.

இயந்திரத்தில் ஏற்றும் முன் சக்கரம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். டெல்டா வயலில் இறங்கி ஏறிய வண்டியின் ரிம் உட்புறத்தில் வண்டல் காய்ந்து ஓடு போல ஒட்டியிருக்கும். அதுவே ஒரு கிலோவைத் தாண்டக்கூடும். அதன் மேல் பேலன்சிங் செய்தால், மண் உதிர்ந்த மறுநாள் போட்ட ஈயமே குறையாக மாறிவிடும். குவாரி டிப்பரின் டயர்ப் பள்ளங்களில் சிக்கிய கல்லையும் நெம்பி எடுக்க வேண்டும். நைலான் டயர் வண்டி சுமையோடு இரவு முழுக்க நின்றால் தரையில் பட்ட இடம் தட்டையாகி, காலையில் சில கிலோமீட்டர் வரை குதிக்கும். டயர் சூடானதும் சரியாகிவிடும். அந்தக் குதிப்பைக் கேட்டு உடனே பேலன்சிங்குக்கு ஓடுவது இரு நாட்டிலும் நடக்கும் தவறு.

லாரிச் சக்கரத்துக்கான இயந்திரம், சக்கரத்தைத் தூக்கி வைக்கும் பாரந்தூக்கியோடு வருகிறது. குறைந்த வேகத்தில் சுற்றி, உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் தனித்தனியாக எடை சொல்லும். காரில் 5 கிராம் படியாகச் சொல்வது லாரியில் 10 கிராமோ அதற்கு மேலோ படியாக இருக்கும். ரிம் விளிம்பில் அடித்துப் பொருத்தும் கொக்கி எடையும், ஒட்டும் எடையும் புழக்கத்தில் உள்ளன. மலைச் சாலையில் இறங்கும் வண்டிக்கு ஒட்டும் எடை உதவாது. கண்டி, நுவரெலியா சாலையிலோ, கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளிலோ தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது டிரம்மின் சூடு ரிம்முக்கு ஏறி, பசை இளகி, எடை நழுவும். அங்கே கொக்கி எடைதான் நிற்கும். ஈயம் நச்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் புதிய கார்களில் ஈய எடையைத் தடுத்தது. துத்தநாகமும் இரும்பும் அந்த இடத்துக்கு வந்தன. அவை இலேசானவை ஆகையால் அதே எடைக்குப் பெரிதாக இருக்கும். குவாரிக் கல் தட்டிப் பறித்துவிடவும் அதிக வாய்ப்பு.

எடைக்குப் பதிலாக டயருக்குள் சிறு மணிகளையோ பொடியையோ போடும் முறையும் உண்டு. சக்கரம் வேகமெடுக்கும்போது மணிகள் உள்ளே பரவித் தாமாகவே இடம் பிடிக்கும் என்பது இதன் அடிப்படை. விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு இதை எல்லாப் பொறியாளர்களும் ஏற்றுக்கொள்வதில்லை. மெதுவாக ஓடும்போது மணிகள் அடியில் குவிந்துதான் கிடக்கும். உள்ளே ஈரம் இருந்தால் பொடி கட்டி தட்டி, புதிதாக ஒரு கனமான புள்ளியாகும். வால்வின் உள்முள்ளில் துகள் அடைத்தால் காற்றும் கசியும். டிராக்டர் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பிடிமானத்துக்காக எடை ஏற்றுவது.

மண் பாதைக்கென்றே பெரிய டயர் மாட்டிய ஜீப்புகளில் பேலன்சிங் மிகக் கடினம். 35 அங்குல உயரச் சேற்று டயரை 17 அங்குல ரிம்மில் மாட்டி 100 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் சக்கரம் நொடிக்குப் பத்து முறை சுற்றும். 100 கிராம் குறைக்கே 9 கிலோ இழுப்பு வரும். ஆழமான பட்டன்கள் உள்ள இந்த டயர்களில் கால் கிலோ குறை அரிதல்ல. நொடிக்குப் பத்து என்பது அச்சு தன் இயல்பிலேயே துள்ளும் அதிர்வெண்ணுக்கு அருகில் இருப்பதால் சின்னக் குறையும் பெரிதாகிவிடும். முன்பக்கம் முழு அச்சு உள்ள ஜீப்பில் இது ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும் அளவுக்கு ஆட்டமாக முற்றும். அப்போது ஈயம் மட்டும் போதாது. டை ராடு முனை, கிங்பின், பேரிங் எல்லாவற்றின் தளர்வையும் பார்க்க வேண்டும்.

இலங்கையில் யால, வில்பத்து பூங்காக்களின் சஃபாரி ஜீப்புகள் மெதுவான வேகத்திலேயே வேலை செய்கின்றன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் ஜீப்புகளும் அப்படித்தான். அங்கே ஓட்டுநர் பார்ப்பது டயரின் பக்கச்சுவர் வலுவையும் காற்றழுத்தத்தையும் மட்டுமே. தொல்லை, வார இறுதியில் மட்டும் மண்ணில் இறங்கி மற்ற நாளெல்லாம் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகளுக்கு. தார், குர்க்கா போன்ற ஜீப் வகை வண்டிகளுக்கு அளவு கூடிய டயர் மாட்டும் மோகம் தமிழ்நாட்டில் பரவியபோது சட்டமும் குறுக்கே வந்தது. வாகனத்தின் மூல விவரத்திலிருந்து விலகும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இலங்கையில் தடை வேறு வடிவில் வந்தது. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் இருந்த வண்டியையே பேண வேண்டியிருந்ததால், தேய்ந்த முன் அச்சுகளின் மேல்தான் பெரிய டயர்கள் ஏறின. அத்தகைய வண்டியில் பேலன்சிங் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் ஆட்டம் முழுதாக அடங்காது.

1876இல் ஆசியாவின் முதல் ரப்பர் மரங்கள் வேரூன்றியது கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில். இலங்கை இன்று உலகச் சந்தையில் பெயர் வாங்கியிருப்பது ஃபோர்க்லிஃப்டுகளுக்கான கெட்டி டயரில். காற்றே இல்லாத அந்த டயர், கிடங்குக்குள் ஆள் ஓடும் வேகத்தில் சுற்றுகிறது. அதற்குப் பேலன்சிங் தேவைப்படுவதில்லை. திருநெல்வேலி கங்கைகொண்டானில் செய்யப்படும் டிராக்டர், கட்டுமான வண்டி டயர்கள் பலவற்றுக்கும் இதே நிலைதான். இரு நாடுகளும் ஏற்றுமதி செய்யும் சாலை சாராத டயர்களில் பெரும்பகுதி, ஈயத் துண்டு எதையும் பார்க்காமலேயே ஆயுளை முடிக்கிறது.

பேலன்சிங் முடிந்து சக்கரம் வண்டிக்குத் திரும்பியதும் நட்டு முறுக்கும் வேலை மீதமிருக்கிறது. நட்டுகளை வட்டமாக வரிசையில் முறுக்காமல் எதிரெதிராக முறுக்கினால்தான் டிஸ்க் சாயாமல் உட்காரும். ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி இறுக்க வேண்டும். பழைய ஜப்பானிய லொறியின் பின் சக்கரத்தில் உள்நட்டு, வெளிநட்டு என்று இரண்டு உள்ளதால், வெளிநட்டைத் தளர்த்தி உள்நட்டை இறுக்கிய பிறகே வெளிநட்டை இறுக்க வேண்டும். வெளிநட்டை மட்டும் முறுக்கினால் உள்சக்கரம் தளர்வாகவே இருக்கும். இடப்பக்கச் சக்கரங்களில் மரை எதிர்த்திசையில் இருப்பதை அறியாதவர் இறுக்குவதாக நினைத்துத் தளர்த்திவிடுவதும் உண்டு.